செவ்வாய்க்கிழமை மூன்று மணி வெயில்

வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குக் கொடுத்திருக்கிற பயிற்சிக் கையேட்டை வரும் வழியில் புரட்டிப் பார்த்தேன். பசுமை வீட்டுக்கடனுக்கென்று தனி அத்தியாயம், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரு பச்சை இலை. எந்தப் படிவம், யார் கையெழுத்து, எத்தனை நகல் எல்லாம் இருக்கிறது. வீட்டை எத்தனை மணிக்குப் போய்ப் பார்ப்பது என்று மட்டும் யாரும் எழுதவில்லை. கும்பகோணம் கிளையில் வீட்டுக்கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு வீடு எவ்வளவு வெயிலை உள்ளே விடுகிறது, அதைக் குளிர வைக்க எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று கணக்கிட்டு நட்சத்திரம் போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். நான்கு நட்சத்திரம் இருந்தால் வங்கி வட்டியைக் கொஞ்சம் குறைக்கும், கடன் தொகையைக் கொஞ்சம் கூட்டும். கரண்ட் பில் குறையும், மிச்சமாகிற பணம் தவணைக்கு வந்து சேரும் என்பது தலைமை அலுவலகத்தின் நம்பிக்கை. ஆனால் எங்கள் கிளைக்கு இந்தக் கடனைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். உடனே வெள்ளைக்காரரை நினைக்காதீர்கள். நம் ஊர் முகம், நம் ஊர்ப் பேச்சு, பாஸ்போர்ட் மட்டும் வேறு நாட்டுடையது. அல்லது பாஸ்போர்ட் நம்முடையது, பிழைப்பு வளைகுடாவில். கடன் வாங்கியவர் டொராண்டோவில் வாசல் பனியை வாரிக்கொண்டிருப்பார். கரண்ட் பில் கட்டுகிறவர் இங்கே இருக்கும் அப்பா. அப்பாவின் பில் குறைந்தால் மகனின் தவணை எப்படிச் சுலபமாகும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். நல்ல கேள்வி மேடம் என்று பாராட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

அந்த டொராண்டோ மகன்தான் என் முதல் நட்சத்திர வாடிக்கையாளர். கனடா குடியுரிமை வாங்கியவர். அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து, கையோடு ஒரு வீட்டையும் பரிசாகக் கொடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற சாலையில், வயலை மண்ணடித்து மேடாக்கிப் போட்டிருந்த மனைப்பிரிவில் வரிசையாக வில்லாக்கள். கிழக்குப் பார்த்த வாசல், மேற்கே சுவரளவு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய்க்காலும் நெல் வயலும் தெரியும். மாடியில் இரண்டு சோலார் தகடு. அந்த இரண்டும் சேர்ந்து கேட் விளக்கை எரிய வைக்கும், வேறு எதையும் எரிய வைக்காது. ஆனால் விளம்பரத்தில் முக்கால் பக்கம் அந்தத் தகடுகள்தான்.

அந்த வில்லாக்களைக் கட்டி விற்ற புரமோட்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் பித்தளை டபராவில் காபி கொடுத்து, மெதுவாகப் பேசி, நம்மைப் பெரிய ஆளாக உணர வைக்கிறவர். அவர் மேசையில் கிழிக்கிற காலண்டர் இருக்கும். வீடு பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டால் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

"திங்கக்கிழமை ஒன்பதரைக்கு வாங்க மேடம். ராகு முடிஞ்சிருக்கும், எமகண்டம் ஆரம்பிச்சிருக்காது. நம்மளும் நிதானமா பாக்கலாம்."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. புது வீட்டுக்குள் கெட்ட நேரத்தில் கால் வைக்க நம் ஊரில் யாருக்கும் மனது வராது. வாங்குகிறவருக்கு வராது, விற்கிறவருக்கு வராது, அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எனக்கும் வரவில்லை. தை முதல் வாரம், காலை ஒன்பதரை. வரப்பில் இன்னும் ஈரம். உள்ளே ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பின் அறையில் மேற்குக் கண்ணாடி வழியாக வயலைப் பார்த்தபோது என் ஓய்வுக்காலத்துக்கு இப்படி ஒன்று அமையாதா என்றுகூட ஏங்கினேன். சான்றிதழின் முதல் பக்கத்தில் நான்கு நட்சத்திரம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் முத்திரை இருந்தது. நடுவில் இருந்த பக்கங்களை ஒருசேர விரலால் தள்ளிவிட்டு, "நேரில் ஆய்வு செய்தேன், சான்றிதழுடன் பொருந்துகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றிலேயே வெட்கப்படுகிற வரி அதுதான்.

சித்திரையில் அந்த அப்பா போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவர், குரலை உயர்த்தவே தெரியாது.

"அம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். மத்தியானத்துல பின் ரூமுக்குள்ள நிக்க முடியலைங்க. கண்ணாடி மேல கோணிச்சாக்க நனைச்சுத் தொங்கவிட்டிருக்கோம். அவங்க கார் ஷெட்டுலதான் படுக்குறாங்க. நாலு ஸ்டாருன்னா இப்படித்தான் இருக்குமாங்க?"

அவங்க என்றது அவர் மனைவியை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புது வீடு சார், சுவர் ஆறுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்." சுவர் ஆறுவது பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். அவரும் நம்பி, சரிங்கம்மா என்று போனை வைத்தார். அந்த 'சரிங்கம்மா' இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஆனியில் கலைச்செல்வி வந்தாள். குடவாசல் பக்கத்துக் கிராமம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவன் குமரேசன் ஐடிஐ படித்துவிட்டு தோஹாவில் பெரிய கட்டடங்களுக்கு ஏசி வேலை பார்க்கிறான். அவனுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவள் பெயரில் இருந்தது. இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் பார்த்தவர்கள். இவர்கள்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வங்கியில் கடன் கேட்டு உட்கார்ந்தவர்கள். கேட்டது அதே வரிசையில், அதே மாதிரி வில்லா, அதே நான்கு நட்சத்திரம்.

நிலைமை இதுதான். ஆனி முடிவதற்குள் பாக்கியைக் கட்டிப் பத்திரம் பதிந்துவிட வேண்டும், ஆடி பிறந்தால் ஒப்பந்தம் செல்லாது, முன்பணம் திரும்பாது. முன்பணம் என்பது அவள் கழுத்துச் சங்கிலியும் அவன் பல வருடத்து ஓவர்டைமும். வெளிநாட்டுச் சம்பளத்தை வங்கி முழுதாக நம்பாது, பிடித்தம் போட்டுத்தான் கணக்கில் எடுக்கும். அப்படி எடுத்ததில் சாதாரணக் கடன் வீட்டு விலைக்கு எட்டவில்லை. நட்சத்திரச் சலுகையில் கிடைக்கிற கூடுதல் தொகை வந்தால் சரியாக எட்டும். ஆக, அந்தக் குடும்பத்தின் வீடு அந்த நான்கு நட்சத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் மேலாளர் என்னைவிட இளையவர், இலக்குப் பட்டியலைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிற ஜாதி. "பசுமைக் கடன்ல நமக்கு இன்னும் ஒரே ஒரு ஃபைல்தான் மேடம் குறையுது. புதன்கிழமை காலையில கமிட்டி. நாளைக்கே பாத்துட்டு ரிப்போர்ட் குடுத்துடுங்க" என்றார். நாளைக்கு என்பது செவ்வாய். காலை முழுக்க தணிக்கைக்காரர்கள் என் மேசையில். எனக்குக் கிடைத்த ஒரே நேரம் மூன்று மணி.

புரமோட்டருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"செவ்வா மூணு மணியா? மூணுலேருந்து நாலரை ராகுகாலம் மேடம். அஞ்சு மணிக்கு வைச்சுக்கலாமே?"

"அஞ்சுக்கு நான் ரிப்போர்ட் அடிச்சிட்டிருக்கணும் சார்."

"அப்ப சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்து வைக்கிறேன். நான் வரலை, தப்பா நினைச்சுக்காதீங்க."

இதில் என் புத்திசாலித்தனம் எதுவும் கிடையாது. வேறு வழியில்லாமல் போனேன். பையில் இருந்த விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன்.

கலைச்செல்வி வாசலில் நின்றிருந்தாள். கையில் போன், போனில் வீடியோவில் குமரேசன். உள்ளே போனோம். காபி இல்லை. ஏசி முன்கூட்டியே போட்டு வைக்கப்படவில்லை. மெதுவாகப் பேச ஆளில்லை. வெளியே ஆனிக் காற்று தென்னையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. பின் அறையில் ஒரு நூல் அசையவில்லை. அந்தச் சுவரளவு கண்ணாடியைத் திறக்கவே முடியாது. அசையாமல் பதித்திருந்தார்கள். மேற்கு வெயில் முழுசாக உள்ளே இறங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இட்டிருந்த விபூதி கரைந்து கண்ணில் இறங்கியது. கார் ஷெட்டில் படுக்கிற அந்த அம்மாவை அப்போதுதான் உண்மையில் நினைத்தேன்.

"கலை, கண்ணாடிக்குப் பக்கத்துல மேக்கால சுவத்துல கைய வை" என்றான் குமரேசன். "எத்தன எண்ணுற வரைக்கும் வைக்க முடியுதுன்னு பாரு."

ஏழு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள்.

"மேடம், உங்க போன்ல டார்ச் போட்டு அந்தக் கண்ணாடி கிட்ட புடிங்க. தள்ளித் தள்ளி எத்தன வெளிச்சம் தெரியுது?"

"ஒண்ணுதான்பா தெரியுது."

"ரெட்டைக் கண்ணாடின்னா ரெண்டு தெரியும். இது ஒத்தக் கண்ணாடி. சர்டிபிகேட்டுல ரெட்டைன்னு போட்டிருக்காங்க, கலை எனக்கு அனுப்பிச்சா." சிரித்தான். கோபத்தில் வருகிற சிரிப்பு. "இங்க ஆபீஸ்காரன் இதே மாதிரி கண்ணாடிய மாட்டிட்டு, குளிரலை குளிரலைன்னு எங்க உயிர வாங்குவான். மேடம், ஒண்ணு பாருங்க. அந்த நட்சத்திரம் எந்த ஊரு வெயிலுக்குப் போட்டது? உள்ள ஒரு பக்கத்துல இருக்கும்."

கையிலிருந்த ஃபைலைப் புரட்டினேன். தையில் நான் விரலால் தள்ளிவிட்ட அதே நடுப் பக்கங்களில் அது இருந்தது. வீட்டின் முகவரி கும்பகோணம். கணக்குக்கு எடுத்துக்கொண்ட தட்பவெப்பம் பெங்களூரு. சான்றிதழ் தயாரித்த ஆலோசகர் எப்போதோ பெங்களூருவில் செய்த வீட்டின் கணக்கை எடுத்து முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார். நம் வில்லா காகிதத்தில் மூவாயிரம் அடி உயரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கணக்கிட்ட மென்பொருள் நான்கு நட்சத்திரம் கொடுத்ததில் தப்பே இல்லை, பெங்களூருவில் அது நல்ல வீடுதான்.

கலைச்செல்விக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறி, அடுத்த நொடியே மாறியது.

"மேடம், நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க. வெயில் எங்களுக்கு என்ன புதுசா? எங்க மாமியார் சித்திரை வெயில்ல நின்னவங்க. இதெல்லாம் ஒரு வெயிலா? ஆடி பொறந்துட்டா பணம் போயிடும் மேடம்."

போனுக்குள்ளிருந்து குமரேசன் சொன்னான்: "வயல்ல வெயிலடிச்சா கரையேறி மரத்தடிக்குப் போவலாம் கலை. வீட்டுக்குள்ள அடிச்சா எங்க போவுறது?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, இந்த இடம்தான் கையேட்டில் இல்லாதது. கையெழுத்துப் போட்டால் அவள் வீடு கிடைக்கும், மேலாளரின் இலக்கு முடியும், புரமோட்டர் அடுத்த காபி போடுவார். நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. யாரும் கேட்க மாட்டார்கள். கை பேனாவைத் தேடியது என்பதை மறைக்க மாட்டேன். ஒரே ஒரு யோசனைதான் தடுத்தது. கரண்ட் பில் குறையும் என்றுதான் கடனைக் கூட்டித் தருகிறோம். இந்த வீட்டில் இரண்டு அறைக்கும் ஏசி ஓடாமல் இரவுகூடத் தூங்க முடியாது. பில்லும் ஏறும், கூட்டித் தந்ததால் தவணையும் ஏறும். நாளை தணிக்கையில் பெங்களூரு வெளியே வந்தால் சலுகை வட்டியும் பறிபோகும். மூன்றும் தோஹா வெயிலில் நிற்கிற ஒருவன் தலையில். இதை அவளுக்கு அப்படியே சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இந்த சர்டிபிகேட்டு தப்புன்னு எழுதப் போறீங்களா மேடம்?"

"எழுதித்தான் ஆகணும்மா."

"எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"

வங்கியின் ஆய்வறிக்கையை வெளியே கொடுக்க முடியாது. ஆனால் சலுகையை ஏன் மறுத்தீர்கள் என்று விண்ணப்பித்தவர் எழுதிக் கேட்டால், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் என்னிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அந்தச் சூடான ஜன்னல் மேடையில் வைத்து மனு எழுதினாள். தாளின் ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது. நான்கு மணிக்கு, நல்ல ராகுகாலத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

புதன்கிழமை மேலாளர் என்னிடம் பேசவில்லை. கமிட்டி பசுமைச் சலுகையை மறுத்து, சாதாரணக் கடனுக்கு மட்டும் ஒப்புதல் தந்தது. காரணக் கடிதம் அன்று மாலையே கலைச்செல்வி கைக்குப் போனது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகப் புரமோட்டர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததை அவளே வந்து சொன்னாள்.

"ராகுகாலத்துல வீட்டத் தொறந்தா இப்படித்தாம்மா ஆவும். அதுக்குத்தான் வேணாம்னேன்" என்று ஆரம்பித்தாராம் அவர்.

"சார், ராகு இருக்கட்டும். நட்சத்திரத்துக்குன்னு விலையில எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"அதெல்லாம் தனியா கெடையாதும்மா."

"பக்கத்து மனைப்பிரிவுல இதே அளவு வீடு, நட்சத்திரம் இல்லாம, என்ன விலைன்னு விசாரிச்சிட்டுத்தான் வர்றேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தக் கழிச்சுக்குங்க. எனக்கு வீடு போதும், நட்சத்திரத்த நீங்களே வைச்சுக்குங்க. இல்லன்னா இந்தக் கடுதாசியோட, முன்பணத்த நான் வேற எடத்துல கேக்குறேன்."

மனிதர் காலண்டரைப் பார்க்கவில்லையாம். அன்றைக்கு நேரம் எப்படியிருந்தாலும் அவருக்குச் சரியில்லை. வரிசையில் விற்காத வீடுகள் இன்னும் இருந்தன, எல்லாவற்றுக்கும் அதே பெங்களூரு. குறைத்தார். சாதாரணக் கடன் எட்டுகிற அளவுக்குக் குறைத்தார். ஆனி கடைசி வாரத்தில் பத்திரம் பதிந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று மேசையில் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்தது.

ஆவணியில் குமரேசன் விடுப்பில் வந்தான். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே அந்தக் கண்ணாடியைப் பெயர்த்து, திறந்து மூடுகிற ஜன்னல் வைத்து, வெளியே சாய்வாகத் தகரப் பந்தல் இறக்கிவிட்டான். வயல் இப்போது பாதிதான் தெரிகிறது. காற்று முழுசாக வருகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்கள் முன்னால் பெருமையாக உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்தச் செவ்வாய் இரவு அறிக்கை எழுதும்போது, அதே ஆலோசகர், அதே பக்கம், அதே பெங்களூரு என்று இன்னொரு ஃபைல் என் அலமாரியில் இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கோணிச்சாக்கு நனைக்கிற அந்தப் பெரியவர்கூடக் கேட்பதை நிறுத்திவிட்டார். இதை எழுதி அதை விட்டால் நான் எழுதியதற்கு என்ன அர்த்தம்? அதையும் சேர்த்து எழுதினேன். 'நேரில் ஆய்வு செய்தேன்' என்ற வரிக்குக் கீழே இருப்பது என் கையெழுத்துதான் என்றும் எழுதினேன்.

டொராண்டோ மகனின் சலுகை போயிற்று. அவர் போனில் கத்தினார். "நீங்கதானே பாத்து சைன் பண்ணீங்க?" ஆமாம், நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? குமரேசனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், பெரியவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் "சரிங்கம்மா" என்றுதான் சொன்னார். அவர் மனைவி மட்டும் எனக்குத் தண்ணீர் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். அவர் செய்ததுதான் சரி. குமரேசன் அங்கேயும் ஒரு பந்தல் இறக்கிக் கொடுத்தான்.

எனக்கு மெமோ வந்தது. விசாரணை முடிகிற வரை ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசி வேலைநாளன்று என் கழுத்தில் மாலை போட்டுவிட்டு மேலாளர் காதருகே குனிந்தார். குரலில் நிஜமான இரக்கம் இருந்தது.

"அன்னைக்கு ராகுகாலத்துல போகாம இருந்திருக்கலாம் மேடம். இவ்வளவும் வந்திருக்காது."

"ராகுகாலத்துல பாத்த வீட்டுக்கு எனக்கு மெமோ வரலை சார்" என்றேன். "நல்ல நேரம் பாத்துப் போன வீட்டுக்குத்தான் வந்திருக்கு."